ஒப்பும் எல்லையும்: தாய்சேய் எச்ஐவி தடுப்பாய்வுகளைப் படங்களின்வழி ஒப்பிடுதல்



மொழி மன்றம் ஒன்றின் பொதுச் சொற்பொழிவில் மருத்துவ ஆய்வுகள் பேசுபொருளாவது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். மருந்தின் குணத்தைக் கூறுவது மருத்துவர் பணி. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆயினும், “இந்த மருந்து அந்த மருந்தைவிட மேலானது” என்று ஒருவர் கூறும்போது அங்கே ஓர் ஒப்பீட்டு வாக்கியம் பிறக்கிறது. அவ்வாக்கியத்தில் எது சொல்லப்பட்டது, எது சொல்லாமல் விடப்பட்டது என்று ஆராய்வது மொழி கற்றவர் பணி. மருத்துவ ஆய்வாளர்கள் இன்று அத்தகைய ஒப்பீடுகளைப் பெரும்பாலும் படங்களாகவே தருகின்றனர். அப்படங்களைத் தமிழில் எவ்வாறு படிப்பது, அவற்றுக்குத் தமிழில் எவ்வாறு பெயரிடுவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டாக, எச்ஐவி கிருமி தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தாய்வுகளைத் தேர்ந்துகொண்டேன். காரணம் உண்டு. சிகிச்சை எதுவும் இல்லையெனில் நூறு குழந்தைகளுள் 15 முதல் 45 வரை இக்கிருமிக்கு ஆளாகக்கூடும். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு முதல் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இதற்கான இரத்தப் பரிசோதனை நாடு முழுவதும் நடைபெற்று வருகிறது. 2018ஆம் ஆண்டு அக்டோபரில், தாய்வழி எச்ஐவி தொற்றையும் சிஃபிலிஸ் தொற்றையும் பொதுநலச் சிக்கலாக இல்லாமல் ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. அந்நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சான்றைப் பெற்ற முதல் நாடு நம் நாடே. கூலிம், பாலிங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்குச் சென்ற தாய்மார்களும் அந்தச் சாதனையின் பங்காளிகள். அச்சாதனைக்குப் பின்னால் நிற்கும் அறிவு எவ்வாறு உருவாயிற்று என்பதைத் தம் தாய்மொழியில் படித்தறியும் உரிமை அவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உண்டு.

படமும் ஒரு வாக்கியமே

படத்துக்கு மொழி தேவையில்லை, பார்த்தாலே விளங்கும் என்று பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. தாய்சேய் நல கிளினிக்கில் கர்ப்பிணியின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக்குறி இடுவார்கள். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்நிறங்களின் பொருளைத் தாதியர் சொல்லித்தான் தாய் அறிகிறாள். குழந்தையின் நலப் பதிவேட்டிலுள்ள வளர்ச்சி வரைபடமும் அவ்வாறே. மாதந்தோறும் வைக்கும் புள்ளிகள் வளைகோட்டோடு சேர்ந்து ஏறுகின்றனவா, கோட்டைவிட்டுக் கீழே இறங்குகின்றனவா என்று பார்க்கத் தோட்டத்துத் தாய்மார்கள் நெடுங்காலமாகப் பழகியிருக்கிறார்கள். பள்ளிப்படிப்பு குறைந்தவர்களும் அதைப் படித்தார்கள். ஒருவர் ஒருமுறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் போதுமானதாக இருந்தது. ஆகவே, நம் மக்களுக்கு வரைபடம் புரியாது என்னும் கூற்றை நான் ஏற்பதில்லை. அதைப் படிக்கும் சொற்களை நாம் கொடுக்கவில்லை என்பதே சரி.

அச்சொற்களை எங்கே தேடுவது? நம் இலக்கணத்திலேயே தொடங்கலாம். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்கள் உண்டு என்று நன்னூல்வழி படித்திருக்கிறோம். ‘மரத்தின் நீங்கிய இலை’ என்பது நீங்கல். ‘பஞ்சின் மெல்லிய இதழ்’ என்பது ஒப்பு. ‘சுங்கை பட்டாணியின் வடக்கே பீடோங்’ என்பது எல்லை. ‘உழைப்பின் உயர்ந்தார்’ என்பது ஏது, அதாவது காரணம். மருந்தாய்வுகளை ஒப்பிடும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்நான்கையும் கேள்விகளாக மாற்றிக் கேட்கலாம். எதனோடு ஒப்பிட்டார்கள்? எந்த எல்லைக்குள் அந்த எண் நிற்கிறது? எத்தனை பேர் கணக்கிலிருந்து நீங்கினர்? விளைவுக்கு மருந்துதான் ஏதுவா? இலக்கண ஆசிரியர்கள் மருந்தாய்வை மனத்திற்கொண்டு இவற்றை வகுத்தார்கள் என்று நான் கூறவில்லை. வகுப்பறையில் நினைவில் நிற்கத்தக்க ஒரு சட்டகமாகவே இவற்றைக் கையாள்கிறேன்.

மூன்று ஆய்வுகள்

முதலில், வரலாற்றில் இடம்பெற்ற மூன்று ஆய்வுகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்து 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வு. 076 என்னும் எண்ணால் அது அறியப்படுகிறது. கர்ப்பக் காலத்திலும் பிரசவ நேரத்திலும் தாய்க்கும், பிறந்தபின் ஆறு வாரம் குழந்தைக்கும் சிடோவுடின் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. மற்றொரு குழுவுக்கு மருந்துப்போலி, அதாவது மருந்தைப் போன்ற தோற்றமுடைய, மருந்தில்லாத வில்லை. இத்தாய்மார்கள் தாய்ப்பால் ஊட்டவில்லை. மருந்துப்போலிக் குழுவில் நூற்றுக்கு 25.5 குழந்தைகளுக்கும், மருந்துக் குழுவில் நூற்றுக்கு 8.3 குழந்தைகளுக்கும் தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது.

இரண்டாவது, நம் கெடாவின் வடக்கெல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் பாங்காக் நகரில் நடந்து 1999இல் வெளிவந்தது. 076 ஆய்வின் மருந்துமுறை நீண்டது, செலவு மிக்கது. ஆகவே 36ஆம் வாரம் முதல் பிரசவம் வரை மட்டும் அதே மருந்தைத் தாய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இங்கும் தாய்ப்பால் ஊட்டப்படவில்லை. மருந்துப்போலிக் குழுவில் 18.9 விழுக்காடு, மருந்துக் குழுவில் 9.4 விழுக்காடு.

மூன்றாவது, உகாண்டாவின் கம்பாலா நகரில் நடந்தது. அதுவும் 1999இல் வெளிவந்தது. பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு நெவிராபின் மாத்திரை ஒன்று, பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்கு அதே மருந்து ஒருமுறை. ஒப்பீட்டுக் குழுவுக்குப் பிரசவ நேரத்திலும், குழந்தைக்கு ஒரு வாரமும் சிடோவுடின். ஏறத்தாழ எல்லாத் தாய்மார்களும் தாய்ப்பால் ஊட்டினர். 14 முதல் 16 வாரத்தில் பார்த்தபோது சிடோவுடின் குழுவில் 25.1 விழுக்காடு, நெவிராபின் குழுவில் 13.1 விழுக்காடு.

ஒப்பு: எதனோடு?

இம்மூன்றின் விளைவையும் ஒரே சொல்லில் கூறினால், முதலாவதில் தொற்று 67.5 விழுக்காடு குறைந்தது, இரண்டாவதில் 50.1 விழுக்காடு குறைந்தது, மூன்றாவதில் 47 விழுக்காடு குறைந்தது. இம்மூன்று எண்களையும் உயரமான பட்டைகளாக வரைந்தால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்று தோன்றும்.

இப்போது வேறொரு படம் வரைவோம். கணக்குப் புத்தகத்தின் கட்டத்தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு குழந்தை. தொற்றுக்கு ஆளான குழந்தைகளின் கட்டங்களில் மட்டும் சாய்கோடு இடுங்கள். இதை நூறுகட்டப் படம் என்று அழைக்கலாம். முதல் ஆய்வில் ஏறத்தாழ 25 கட்டங்களிலிருந்து 8 கட்டங்களுக்கு வருகிறோம். தப்பியவர் நூற்றுக்கு 17 பேர். இரண்டாவதில் 19இலிருந்து 9க்கு. தப்பியவர் ஒன்பது அல்லது பத்துப் பேர். மூன்றாவதில் 25இலிருந்து 13க்கு. தப்பியவர் 12 பேர். விழுக்காட்டுப் பட்டைகளில் இரண்டாம் இடத்தில் நின்ற ஆய்வு நூறுகட்டப் படத்தில் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. எண்கள் மாறவில்லை. எந்த அடிப்படையிலிருந்து குறைந்தது என்பதைப் படம் காட்டியதும் வரிசை மாறிவிட்டது.

ரப்பர்த் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மழைநீர் கலந்த பால் வாளியில் நிறைய இருக்கும். காய்ந்தால் ரப்பர் குறைவாக இருக்கும். ஆகவேதான் பாலின் அளவை மட்டும் பார்க்காமல், அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்றும் கணக்கிட்டார்கள். இரண்டு வாளிகளை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நிறுவையிடத்தில் நின்ற ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்திருந்தது.

நம் மூன்று ஆய்வுகளிலும் அந்த அடிப்படை ஒன்றாக இல்லை. முதலிரண்டும் மருந்தை மருந்துப்போலியோடு ஒப்பிட்டன. மூன்றாவது ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டது. முதலிரண்டிலும் தாய்ப்பால் இல்லை, மூன்றாவதில் உண்டு. தாய்ப்பால்வழியும் கிருமி தொற்றக்கூடும் என்பதால் அந்தக் குழந்தைகளின் நிலை வேறு. ஆகவே 8.3ஐயும் 13.1ஐயும் அருகருகே வைத்து, நெவிராபின் தோற்றது, சிடோவுடின் வென்றது என்று கூறுவது பொருந்தாது. ‘விட’ என்னும் சொல்லுக்கு முன்னால் இருக்க வேண்டிய பெயர் அந்த வாக்கியத்தில் மறைந்துகிடக்கிறது.

எல்லை: எதுவரை?

ஆய்வுகளை ஒப்பிடப் பரவலாகப் பயன்படும் மற்றொரு படம் உண்டு. ஆங்கிலத்தில் அதைக் காடு என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு வரி. வரியின் நடுவே ஒரு சிறு சதுரம், அச்சதுரத்தின் இருபுறமும் நீளும் ஒரு கிடைக்கோடு. எல்லா வரிகளையும் ஊடுருவி மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு. ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் அடியில் ஒரு சாய்சதுரம். இவ்வளவுதான் படம். காட்டைவிட இது தோட்டத்தையே எனக்கு நினைவூட்டுகிறது. மரங்கள் வரிசையாக நிற்பதை நம் மக்கள் நிரை என்றார்கள். ஆகவே இதனை நிரைப்படம் என்றே இவ்வுரையில் குறிப்பிடுகிறேன்.

சதுரம் என்பது ஆய்வு கண்ட விளைவு. கிடைக்கோடு என்பது அதன் நம்பக எல்லை, அதாவது உண்மையான விளைவு இருக்கக்கூடும் என்று அந்த ஆய்வின் தரவு இடந்தரும் பரப்பு. பங்கேற்றோர் குறைவாயின் கோடு நீளும். மிகுதியாயின் கோடு குறுகும். நெடுக்காக நிற்கும் கோடு, இரு குழுவுக்கும் வேறுபாடில்லை என்னும் இடம். கிடைக்கோடு அதனைத் தொட்டால் ஆய்வு உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை என்று கொள்ளலாம்.

பாங்காக் ஆய்வின் 50.1 விழுக்காட்டுக் குறைவுக்கு நம்பக எல்லை 15.4 முதல் 70.6 வரை. கம்பாலா ஆய்வின் 47 விழுக்காட்டுக்கு எல்லை 20 முதல் 64 வரை. நிரைப்படத்தில் வரைந்து பாருங்கள். இரண்டாவது கோடு முதல் கோட்டின் பரப்புக்குள்ளேயே அடங்கிவிடும். 50 பெரிதா, 47 பெரிதா என்று வாதிடுவதற்கு அங்கே இடமில்லை. இரு ஆய்வுகளும் ஒரு பயன் உண்டு என்று உறுதியாகக் கூறின. எது மிகுதி என்று கூறவில்லை. சதுரத்தை மட்டும் பார்ப்பவர் போட்டியைக் காண்பார். கோட்டையும் பார்ப்பவர் அதன் பணிவைக் காண்பார்.

இன்னும் ஒன்று. மூன்று ஆய்வுகளையும் ஒரே நிரைப்படத்தில் வரைந்தால் நேர்கோடு ஒன்றாகவே தெரியும். ஆனால் முதலிரு வரிகளுக்கு அக்கோட்டின் பொருள் ‘மருந்துப்போலிக்கு நிகர்’. மூன்றாவது வரிக்கு அதன் பொருள் ‘குறுகிய கால சிடோவுடினுக்கு நிகர்’. ஒரே கோட்டுக்கு இருபொருள். சிலேடை செய்யுளுக்கு அழகு. மருத்துவப் படத்துக்கு ஆகாது. அத்தகைய இடத்தில் அடியில் சாய்சதுரம் வரையாமல் விடுவதே நேர்மை.

காலமும் ஓர் எல்லையே. கம்பாலா ஆய்வில் நெவிராபின் குழுவின் தொற்று, பிறந்தபோது 8.2 விழுக்காடு, 6 முதல் 8 வாரத்தில் 11.9, 14 முதல் 16 வாரத்தில் 13.1, பதினெட்டு மாதத்தில் 15.7. நான்கு எண்களும் ஒரே ஆய்வின் எண்கள். இதனை ஏறும் படிகளாக வரைந்தால்தான், தாய்ப்பால் தொடரும் காலமெல்லாம் ஆபத்தும் தொடர்ந்தது விளங்கும். முதற்படியின் 8.2ஐ மட்டும் எடுத்து, 076 ஆய்வின் 8.3க்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் சமம் என்று ஒருவர் படம் வரையலாம். எண்ணில் பொய் இராது. படம் பொய் சொல்லும்.

நீங்கல்: யார் விடுபட்டார்?

ஆய்வின் தொடக்கத்தில் சேர்ந்தோர் அனைவரும் முடிவில் எண்ணப்படுவதில்லை. 076 ஆய்வில் சேர்ந்த கர்ப்பிணிகள் 477 பேர். முதல் இடைக்கணிப்பில் தொற்று நிலை அறியப்பட்ட பிறப்புகள் 363. எஞ்சியவர்களுள் பிரசவமாகாதோர் உண்டு, விலகியோர் உண்டு, பரிசோதனை முடிவு வராத குழந்தைகளும் உண்டு. இதைக் காட்டுவதற்குப் பாய்வுப்படம் என்னும் கருவி உள்ளது. மேலே ஒரு பெட்டியில் சேர்ந்தோர் தொகை. அதிலிருந்து இரு கிளை. ஒவ்வொரு கிளையிலும் பக்கவாட்டில் நீங்கியோர் தொகையும் நீங்கிய காரணமும். அடியில் எண்ணப்பட்டோர் தொகை. 1996 முதல் மருத்துவ இதழ்கள் பல இத்தகைய படத்தை ஆய்வாளர்களிடம் கேட்டுப் பெறத் தொடங்கின.

இக்கருவி ஆய்வுக்கு மட்டுமன்றி, நம் மாவட்டக் கிளினிக்குகளுக்கும் பொருந்தும். உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றுக்குரிய அளவுகோல்களுள் மூன்று இவை. கர்ப்பிணிகளில் குறைந்தபட்சம் 95 விழுக்காட்டினர் கிளினிக்குக்கு வர வேண்டும், 95 விழுக்காட்டினர் பரிசோதிக்கப்பட வேண்டும், தொற்றுள்ளோரில் 95 விழுக்காட்டினர் சிகிச்சை பெற வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியில் நின்றவர்களுள் 95 விழுக்காட்டினர் தொடர்கிறார்கள் என்று கொண்டால், தொற்றுள்ள நூறு மகளிரில் சிகிச்சை வரை சென்று சேர்வோர் 86 பேர் மட்டுமே. ஒவ்வொரு படியிலும் 95 என்பது நல்ல மதிப்பெண்ணாகத் தெரிகிறது. படிக்கட்டாக வரைந்தால் 14 பேர் விடுபட்டது தெரிகிறது. பேருந்து வராத தோட்டத்திலிருப்பவர், தோட்டம் துண்டாடப்பட்டபின் நகரத்து மலிவு அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்து பழைய கிளினிக்கோடு தொடர்பிழந்தவர், ஊரார் பேச்சுக்கு அஞ்சி மருந்தை நிறுத்தியவர் ஆகியோர் அந்த 14 பேருள் இருக்கக்கூடும். விழுக்காடு அவர்களை மறைக்கிறது. படம் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்குகிறது.

ஏது: காரணம் மருந்துதானா?

மருந்து உண்டவர்களின் குழந்தைகள் தப்பினர் என்பதால் மட்டும் மருந்தே காரணம் ஆகிவிடாது. நகரத்தில் வாழ்ந்து முன்கூட்டியே கிளினிக்குக்கு வரும் தாய்க்கும், உட்புறத் தோட்டத்திலிருந்து பிரசவத்துக்கு மட்டும் வரும் தாய்க்கும் உணவு, ஓய்வு, நோயின் நிலை எல்லாம் வேறுபடும். முன்னவர் மருந்தும் பின்னவர் மருந்தின்மையும் பெற்றிருந்தால் எதை எதற்கு ஏதுவாகக் கூறுவது? ஆகவேதான் இத்தகைய ஆய்வுகளில் எந்தத் தாய் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. பாய்வுப்படத்தில் கிளை பிரியும் இடத்தில் அந்தக் குலுக்கல் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில், ‘உண்டபின் குறைந்தது’ என்று கூறலாமே ஒழிய, ‘உண்டதால் குறைந்தது’ என்று கூற முடியாது. ‘பின்’ காலம். ‘ஆல்’ காரணம். இந்த ஒரு வேறுபாட்டை மாணவர்கள் உணர்ந்தால் நாளேடுகளில் வரும் மருத்துவச் செய்திகளில் பாதியை அவர்களே சீர்தூக்கிவிடுவார்கள்.

இவ்விடத்தில் அறம் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 076 ஆய்வின் பயன் 1994இலேயே தெரிந்தபின்னரும் வறிய நாடுகளில் மருந்துப்போலியோடு ஒப்பிடும் ஆய்வுகள் நடக்கலாமா என்று 1997இல் மருத்துவ உலகில் கடுமையான விவாதம் எழுந்தது. செல்வ நாடுகளின் நீண்ட மருந்துமுறை அங்கே கிடைக்கப்போவதில்லை, எளிய முறைக்கு விரைவான விடை வேண்டும் என்றனர் ஒருசாரார். பயனுள்ள மருந்து இருக்கும்போது வெறும் வில்லை கொடுப்பது தகாது என்றனர் மற்றொரு சாரார். பாங்காக் ஆய்வின் முடிவு தெரிந்ததும் கம்பாலாவில் மருந்துப்போலிக் குழு கைவிடப்பட்டது. நூறுகட்டப் படத்தில் நாம் சாய்கோடு இடும் ஒவ்வொரு கட்டமும் ஒரு குழந்தை என்பதை மாணவர்கள் மறவாதிருக்க இவ்வரலாறு உதவும்.

சொல்லின் பொறுப்பு

படத்துக்குக் கீழே நாம் எழுதும் தமிழ், படத்தைக் கெடுத்துவிடவும் கூடும். மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, ‘குறைந்தது’ என்னும் சொல். ‘தொற்று குறைந்தது ஐம்பது விழுக்காடு’ என்று ஒரு தலைப்பு வந்தால், தொற்று ஐம்பது விழுக்காடு இறங்கியது என்றும் கொள்ளலாம், தொற்று ஐம்பது விழுக்காட்டுக்குக் குறையாது என்றும் கொள்ளலாம். இரண்டும் நேர்மாறான செய்திகள். இனி, ‘20 விழுக்காடு குறைந்தது’ என்பதும் ‘20 விழுக்காடாகக் குறைந்தது’ என்பதும் வேறு. முதலாவது குறைந்த அளவு, இரண்டாவது எஞ்சிய அளவு. ‘ஆக’ என்னும் ஒரு சிற்றுருபு எத்தனையோ குழந்தைகளின் கணக்கை மாற்றிவிடுகிறது. ‘25இலிருந்து 8க்கு இறங்கியது’ என்று இரு எல்லைகளையும் சேர்த்தெழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, ‘வாய்ப்பு’ என்னும் சொல். ‘குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு’ என்று எழுதுகிறோம். வாய்ப்பு என்பது வழக்கில் நல்லதையே சுட்டும். வேலைவாய்ப்பு, கல்வி வாய்ப்பு என்போம். ‘ஆபத்து’ என்றாலோ தாய் அஞ்சிவிடுகிறாள். ‘நிகழ்தகவு’ என்றால் விளங்கவில்லை. ‘உங்களைப் போன்ற நூறு தாய்மார்களின் குழந்தைகளுள் இத்தனை பேருக்கு’ என்பதே தெளிவான தமிழ். அது நூறுகட்டப் படத்தோடும் பொருந்துகிறது.

மூன்றாவது, இத்துறையின் பெயரே. ‘தாயிடமிருந்து குழந்தைக்கு’ என்னும் தொடரில் தாய் கிருமியின் தொடக்கமாக நிற்கிறாள். அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதைத் தொடர் கூறுவதில்லை. நோய் கணவனிடமிருந்து வந்திருந்தாலும் பழி அவள்மேல் விழுகிறது. இந்தியாவின் தேசியத் திட்டம் தன் பெயரில் தாய் என்னாமல் பெற்றோர் என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டது. வேற்றுமை உருபு பழிச்சொல்லாக மாறக்கூடும் என்பதை உணர்ந்த தேர்வு அது. படத்திலும் இக்கவனம் வேண்டும். தொற்றுக்கு ஆளான குழந்தையின் கட்டத்துக்குச் சிவப்பு நிறம் பூசாமல் சாய்கோடு இடச் சொன்னதற்கும் இதுவே காரணம்.

வகுப்பறைக்கு

ஆசிரியப் பெருமக்களே, இதனை ஒரு பாடவேளையில் செய்துபார்க்கலாம். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆய்வின் எண்களைக் கொடுங்கள். இரண்டு நூறுகட்டப் படங்கள் வரையட்டும். பின்னர் நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு முழு வாக்கியம் எழுதட்டும். ‘விட’ என்னும் சொல் வரும் இடமெல்லாம் எதைவிட என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று திருத்துங்கள். கணிதமும் அறிவியலும் தமிழும் ஒரே தாளில் கூடும். நம் பிள்ளைகளுள் சிலர் நாளை பீடோங்கில் மருத்துவம் பயில்வார்கள், சுங்கை பட்டாணி மருத்துவமனையில் தாதியராவார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்ற செய்தியைத் தமிழ்த் தாய் ஒருத்தியிடம் சொல்ல வேண்டிய நாள் அவர்களுக்கு வரும். அன்று அவர்களிடம் சொல் இருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, நான் கூறிய மூன்று மருந்துமுறைகளும் இன்று பழையன. 2004இல் தாய்லாந்திலிருந்து வந்த மற்றோர் ஆய்வு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது தொற்று 6.3 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காட்டுக்கு இறங்கியதைக் காட்டியது. இன்று தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை தரப்படுகிறது; அது வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. தாய்ப்பால் ஊட்டாத மக்களிடையே சான்றுக்குரிய அளவு, நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. 25 கட்டங்களில் சாய்கோடு இட்ட அதே தாளில் இப்போது இரண்டு கட்டங்கள்கூட நிரம்புவதில்லை. சரியான ஒப்பீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதால் கிடைத்த பயன் இது. தவறாக ஒப்பிட்டிருந்தால், பயனற்ற முறையைத் தொடர்ந்திருப்பார்கள், அல்லது பயனுள்ள முறையைக் கைவிட்டிருப்பார்கள்.

எந்த ஒப்பீட்டைக் கண்டாலும் எதனோடு, எதுவரை, யார் நீங்கலாக, எதனால் என்று நான்கையும் கேளுங்கள். நல்ல படம் நான்குக்கும் விடை சொல்லும். விடை சொல்லாத படத்தை, அது எவ்வளவு அழகாக இருப்பினும், நம்புவதற்கு அவசரப்பட வேண்டாம்.